வண்டி மேட்டில் திணறினால் முதலில் திருகைத் தொடாதீர்கள்

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் பூண்டுக்கு அடியுரம், உருளைக்கு மண் அணைப்பது, காப்பிக்கு நிழல் கழிப்பது என்று ஏதாவது பேசுவேன். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய ஆபீசருக்கு வண்டி ரிப்பேர் எதுக்குய்யா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் விளைந்த காய் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அது விளைச்சல்? பாதி வழியில் வண்டி நின்று, காய் மூட்டையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தால் அது வெறும் பாரம்தானே?

நம் பழனி மலையில், தாண்டிக்குடியாகட்டும், பண்ணைக்காடாகட்டும், பூம்பாறை, மன்னவனூர் பக்கமாகட்டும், தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே மூட்டை சுமப்பது பெரும்பாலும் பழைய மொபெட்டும் பழைய மோட்டார் சைக்கிளும்தான். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வந்தது. அன்றிலிருந்து கழுதை சுமந்த பாரத்தில் ஒரு பங்கை இந்தச் சின்ன வண்டிகள் சுமக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்கிற புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைக் கணக்குப் பண்ணி உள்ளே விடுகிற வேலையை ஒரு சின்னக் கணினியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கிறது பழைய வண்டி. அதற்குக் கணினி நாம்தான்.

இலை மஞ்சளானால் என்ன செய்கிறோம்? விவரம் தெரியாதவர் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பார். விவரம் தெரிந்தவர் முதலில் வேரைப் பார்ப்பார், தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்பார், இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். வண்டியும் அப்படித்தான். மேட்டில் திணறினால் உடனே கார்புரேட்டர் திருகைத் திருகுவது, மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியா போடுவதைப் போன்றது. இன்றைய பேச்சின் சாரம் அவ்வளவுதான். ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

அந்தக் காலத்தில் மூட்டைப்பூச்சி, கொசுவுக்கு மருந்து அடிக்கிற ஃப்ளிட் பம்பு எல்லார் வீட்டிலும் இருந்தது. முன்னால் ஒரு சின்ன டப்பாவில் மருந்து, பின்னால் கைப்பம்பு. பம்பை அழுத்தினால் காற்று வேகமாகப் பாயும். அந்தக் காற்று டப்பாவிலிருந்து நிற்கும் மெல்லிய குழாயின் வாய்மேல் ஓடும்போது மருந்து தானாக மேலே ஏறி, தூளாகத் தெறிக்கும். கார்புரேட்டரும் இதே வித்தைதான். இங்கே பம்பு, இன்ஜினின் பிஸ்டன். அது காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரின் நடுவே குறுகலான தொண்டை ஒன்று இருக்கிறது. காற்று அதற்குள் நுழையும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அப்போது கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியாக ஏறிக் காற்றோடு கலக்கிறது. 1893-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் இப்படிப் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்புரேட்டரைச் செய்தார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டிலும் இருவர் இதையே கண்டுபிடித்தார்கள். அந்தத் தத்துவம் இன்றும் மாறவில்லை.

கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதல்லவா, அதேதான். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி, ஊசி வால்வை அடைக்கும். இறங்கினால் திறக்கும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது உள்ளே ஒரு ஸ்லைடு மேலே ஏறுகிறது. அதோடு சேர்ந்த நீடில் பெட்ரோல் வழியைத் திறந்துகொடுக்கிறது. ஆக, வண்டி மெதுவாக நின்று ஓடும்போது சின்ன ஜெட்டும் காற்றுத் திருகும் வேலை செய்கின்றன. பாதி ஆக்ஸிலேட்டரில் நீடில். முழுக்க முறுக்கினால் பெரிய ஜெட். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். பழுது எந்த நேரத்தில் வருகிறது என்பதை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று பாதி சொல்லிவிடலாம்.

மலையில் மட்டும் ஏன் தகராறு?

கீழே இருந்து கொடைக்கானலுக்குப் பெண் கொடுத்தவர்கள் முதலில் சொல்லும் குறை, "அங்கே பருப்பு வேகவே மாட்டேங்குது" என்பதுதான். காரணம் பருப்பில் இல்லை. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வேக நேரமாகிறது.

அதே காற்றுதான் இன்ஜினுக்குள்ளும் போகிறது. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், அதாவது 7,000 அடி. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 1 லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய, சமவெளியில் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். மேலே காற்று மெலிந்திருப்பதால் ஏறத்தாழ 11,000 லிட்டர் வேண்டும். ஆனால் இன்ஜினின் வயிறு அதே அளவுதானே? பிஸ்டன் ஒரு இழுப்புக்கு இழுக்கும் காற்று மாறாது. அதனால் இரண்டு விஷயம் நடக்கிறது.

ஒன்று, வண்டியின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இதற்கு மருந்து கிடையாது. எந்த மெக்கானிக்காலும் காற்றைக் கொண்டுவந்து ஊற்ற முடியாது. கீழே 100 கிலோ இழுத்த வண்டி, மேலே 80 கிலோதான் அதே தெம்போடு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடிப்போகும். கறுப்புப் புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் செலவு, கொஞ்சம் திணறல். இதைப் பார்த்துத்தான் திருகைத் திருகும் ஆசை நமக்கு வருகிறது.

நான் செய்த தவறு

கொடைக்கானலுக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. என் அப்பா ஓட்டிய பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் என்னிடம் இருந்தது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுகிற வண்டி. மன்னவனூர் மேட்டில் திணறியது, கறுப்பாகப் புகைந்தது. "உயரம் சார், பெட்ரோலைக் குறைச்சிடுங்க, பறக்கும்" என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் விஞ்ஞானம் படித்தவன். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்து, நீடிலை ஒரு படி இறக்கினேன். காற்றுத் திருகையும் திறந்துவிட்டேன். வண்டி நன்றாகவே ஓடியது. நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பின்னால் என் மகனை உட்காரவைத்துக்கொண்டு பழனிக்கு இறங்கினேன். மலைப்பாதை முழுக்க ஆக்ஸிலேட்டரை மூடியபடியே இறக்கம். அடிவாரம் தாண்டிச் சமவெளி ரோட்டில் பாதி ஆக்ஸிலேட்டரில் ஒரு இருபது நிமிடம் ஓட்டியிருப்பேன். "கீச்" என்று ஒரு சத்தம். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ரோட்டோரப் புழுதியில் கிடந்தோம். நல்லவேளை, பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. மகன் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது.

என்ன நடந்தது? கீழே இறங்க இறங்கக் காற்று கனத்துவிட்டது. பெட்ரோலோ நான் குறைத்த அளவிலேயே நின்றுவிட்டது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்திருக்கும் ஆயிலும் குறையும். சூடும் கூடி, ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் நாம் "சீஸ் ஆயிடுச்சு" என்கிறோம்.

பழனியில் மெக்கானிக் வண்டியைப் பிரித்தார். ஏர் ஃபில்டரை எடுத்து என் முன்னால் போட்டார். செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டிக்கிடந்தது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார், இதைக் கழுவியிருந்தீங்கன்னா அதைத் திருகியிருக்கவே வேண்டாம்." உயரம் செய்தது கொஞ்சம். அடைத்துக்கொண்ட ஃபில்டர் செய்தது அதிகம். நான் இரண்டு குற்றத்தையும் கார்புரேட்டர் தலையில் கட்டிவிட்டேன்.

வரிசையாகப் பாருங்கள்

அதனால்தான் சொல்கிறேன். வண்டி தகராறு செய்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதல் நான்கு படிக்கும் கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம்.

முதல் படி, பெட்ரோல் வருகிறதா? பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அடுத்து, டேங்க் மூடி. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது, இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஊற்றும். அதே கதைதான்.

பண்ணைக்காடு பக்கம் ஒரு விவசாயி. பீன்ஸ் மூட்டையோடு தோட்டத்திலிருந்து மேட்டு ரோட்டுக்கு ஏறுவதற்குள் வண்டி நாலு தடவை நின்றுவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் காய் வண்டி அவர் வருவதற்குள் போய்விட்டது. அன்றைய பறிப்பு அப்படியே வாடியது. "மூணு தடவை கார்புரேட்டரைக் கழுவியாச்சு சார், இரண்டு கிலோமீட்டர் ஓடுது, நிக்குது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது" என்றார். நான் போய்ப் பார்த்தால், மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று டேங்க் மூடிக்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். பையை அவிழ்த்தோம். வண்டி நிற்கவே இல்லை. ஓடி ஓடி நிற்கிற வண்டிக்கு மூடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். "உஸ்" என்று காற்று இழுத்து வண்டி சரியானால், குற்றவாளி மூடிதான். மழைக்குக் கட்டத்தான் வேண்டும் என்றால் வண்டி நிற்கும்போது கட்டுங்கள், கிளம்பும்போது அவிழ்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி, பிளக். இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போல, பிளக்கின் நிறம் உள்ளே நடப்பதைச் சொல்லும். டீத்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. காய்ந்த கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வழிந்து ஓடுகிறது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாகிறது. இந்த வெள்ளைதான் ஆபத்து. கறுப்பு பிளக் காசைத் தின்னும். வெள்ளை பிளக் இன்ஜினையே தின்னும்.

மூன்றாம் படி, ஏர் ஃபில்டர். நம் பக்கம் கோடையில் புழுதி, ஐப்பசியில் சேறு. ஸ்பாஞ்சு ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி, கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியிருந்தால் லேசாக ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டராக இருந்தால் கழுவக் கூடாது. தட்டிப் பாருங்கள், போகவில்லை என்றால் மாற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டாதீர்கள். புழுதி நேராக சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

நான்காம் படி, சோக். மார்கழி, தை மாதக் காலையில் மேலே குளிரில் ஸ்டார்ட் பண்ணச் சோக் வேண்டும். ஆனால் இன்ஜின் கொஞ்சம் சூடானதும் தள்ளிவிட வேண்டும். மறந்துவிட்டால் கறுப்புப் புகைதான். அதோடு இன்னொன்றும் உண்டு. ஊசி போடும்போது நர்ஸம்மா ஸ்பிரிட் தடவினால் கை சில்லென்று ஆகிறதல்லவா? பெட்ரோல் ஆவியாகும்போதும் கார்புரேட்டர் தொண்டை அதைப் போலக் குளிர்ந்துபோகும். பனிமூட்டம் அடர்ந்த காலையில், காற்றிலுள்ள ஈரம் அந்தத் தொண்டையில் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கலாம். வண்டி நின்றுபோகும். ஐந்து, பத்து நிமிடம் சும்மா விட்டால் இன்ஜின் சூட்டில் கரைந்து மறுபடி ஓடும். அங்கேயே கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நின்ற வண்டிக்கு அப்படிக் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பாருங்கள்.

கார்புரேட்டரைத் திறக்க வேண்டி வந்தால்

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் அப்போது கார்புரேட்டருக்கு வாருங்கள். முதல் விதி: பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் காக்கை மூடுங்கள். திறந்த வெளியில், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த ஜெட்டைப் புல்லில் தேடுவது ஆகாத வேலை.

முதலில் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரம் வையுங்கள். அடியில் முத்து மாதிரி உருண்டு நின்றால் அது தண்ணீர். துரு மண்டியிருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. பல வண்டிகளுக்கு இந்த வடிப்பு ஒன்றே போதும்.

கிண்ணத்தைக் கழற்றினால் மிதவையைப் பாருங்கள். காதுகிட்டே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் மிதவை ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். வண்டி நிற்கும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால், ஊசி வால்வில் தூசி உட்கார்ந்திருக்கும், அல்லது ஊசியின் முனை தேய்ந்திருக்கும்.

அடுத்து ஜெட். பித்தளையில் மயிரிழை போன்ற துளை. அதற்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. அடைத்திருந்தால் சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். குண்டூசி, கம்பி, முள் எதையும் விடாதீர்கள். காலில் முள் குத்தினால் ஊசியால் எடுக்கலாம், ஜெட்டில் ஊசி விட்டால் துளை அகன்றுவிடும். அப்புறம் எத்தனை தரம் கழுவினாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலை வாயால் உறிஞ்சுவதோ ஊதுவதோ வேண்டாம்.

எல்லாம் சுத்தம், ஆனால் பிளக் வெளுத்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கிறது என்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் அல்லது கேஸ்கெட் வெடித்திருக்கலாம். அந்த வெடிப்பு வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறது. இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாகத் தொட்டு வையுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

திருகைத் தொட்டே ஆக வேண்டுமென்றால்

கடைசியாகத்தான் திருகு. திருப்புவதற்கு முன், இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடைகிறது என்று எண்ணுங்கள். அழுத்தி இறுக்க வேண்டாம், முனை கெட்டுவிடும். "ஒன்றரைச் சுற்று" என்று காகிதத்தில் எழுதி, டூல் பாக்ஸில் போட்டுவிட்டு, அதே அளவு வெளியே எடுங்கள். இனி எவ்வளவு திருப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கிறது.

இன்னொரு விவரம். திருகு ஸ்லைடுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே எடுத்தால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு. அதை வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். இரண்டும் நேர் எதிர். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்குச் சொன்னதை உங்கள் வண்டிக்குச் செய்யாதீர்கள்.

சரி, மலையில் உயரத்துக்காக மாற்றவே கூடாதா? வண்டி மேலேயே இருந்து, மேலேயே உழைக்கிறது, கீழே இறங்குவதே இல்லை என்றால், மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு அளவு சின்ன ஜெட் போடலாம். பழைய ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். டேங்க் மேல் "மலை ஜெட்" என்று பெயிண்டால் எழுதிவையுங்கள். வண்டியை விற்றாலும், தம்பி எடுத்துக்கொண்டு போனாலும் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு, பழனி என்று இறங்கி ஏறுகிற வண்டியாக இருந்தால் கம்பெனி வைத்த அளவிலேயே விடுங்கள். மேலே கொஞ்சம் புகையும், பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். போகட்டும். அது கீழே இன்ஜினைக் காப்பாற்ற நாம் கட்டும் வாடகை. பாரத்தைக் கொஞ்சம் குறைத்து ஏற்றுங்கள்.

இறக்கத்தில் கவனம்

பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் இறக்குகிறோம். வேண்டாம் ஐயா. பாரத்தை முழுக்கப் பிரேக் தாங்க வேண்டி வரும். சூடேறினால் பிரேக் பிடிக்காது. கொண்டை ஊசி வளைவில் அது நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

ஆயில் கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்திருந்தால் இன்ஜினுக்கு ஆயில் போகாது. அதனால் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து, லேசாக ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். ஒரு மடக்கு ஆயில் உள்ளே போகும். விரல் இரண்டு எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். சத்தம் மாறி வண்டி இழுத்துப் பிடிப்பது போலத் தெரிந்தால் அந்த நொடியே கிளட்ச்சைப் பிடியுங்கள். இதை அன்றைக்கு நான் தெரிந்துவைத்திருந்தால் என் மகன் விழுந்திருக்க மாட்டான். கிளட்ச் பிடி இல்லாத மொபெட்டில் வழியில் ஓரிரு இடத்தில் நிறுத்தி, பிரேக்கையும் இன்ஜினையும் ஆறவிடுங்கள். ஆயில் அளவை மலைக்கென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 1-க்கு 50 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கண் திட்டம் வேண்டாம், அளந்து ஊற்றுங்கள்.

இப்போது வரும் பெட்ரோல்

கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். 2022-ல் இந்தக் கலப்பு 10 சதவீதமாக இருந்தது. 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. நம் விளைபொருளுக்கு ஒரு சந்தை, நல்லதுதான். ஆனால் பழைய வண்டிக்காரர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். நம் மலைப் பனியில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தியிருக்கும் வண்டியில் இது நடக்கும். அடுத்து, பழைய காலத்து ரப்பர் குழாய், வாஷர்கள் எத்தனாலில் ஊறிக் கெடலாம். குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். கலப்புப் பெட்ரோலுக்குக் காற்று கொஞ்சம் குறைவாகவே போதும். அதனால் பழைய கார்புரேட்டரில் கலவை ஏற்கெனவே சற்று மெலிந்துதான் ஓடுகிறது. அதற்கு மேல் நாமும் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காப்பித் தோட்டத்து பவர் ஸ்பிரேயருக்கும் இதே கதைதான். மருந்தடிப்பு முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு அடுக்கிவையுங்கள். அடுத்த பருவத்தில் ஜெட் அடைப்பு இருக்காது.

விவசாயப் பெருமக்களே, திரும்பவும் சுருக்கிச் சொல்கிறேன். பெட்ரோல், பிளக், ஃபில்டர், சோக். இந்த நான்கையும் பார்த்த பிறகு கிண்ணம், ஜெட், ரப்பர். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திருகு. அதையும் எண்ணி, எழுதிவைத்துத் திருப்புங்கள். மலையில் குறைவது காற்று. அதைத் திருகால் ஈடுகட்டியவர்கள், இறங்கும்போது அதை மறக்கக் கூடாது.

அடுத்த முறை வண்டி மேட்டில் நின்றால், பதறாமல் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். அந்தக் காற்றுச் சத்தத்தில் உங்கள் அன்றைய சந்தை பிழைத்தாலும் பிழைக்கும்.